பூ கேட்டதும் பெண் கேட்டதும்

என் கையெழுத்து கோணும். நான் வெட்டிய கிணறு ஒன்றுகூடக் கோணியதில்லை. ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே கிடக்கிற சமவெளியில், மேலே போகிற மேகம் குனிந்து பார்த்தால், பூமிக்கு இத்தனை கண்களை யார் திறந்து வைத்தது என்று கேட்கும். காடு கரையெல்லாம் என்னைக் கைகாட்டும். இப்படி நான் பேச ஆரம்பித்தால் உள்ளேயிருந்து என் மனைவி தொண்டையைக் கனைப்பாள். கனைக்கட்டும். இரண்டாம் வகுப்போடு சிலேட்டைக் கீழே வைத்தவன் நான். ஒருத்தர் சிபாரிசும் இல்லாமல் ஓட்டு வீடு, தோட்டம், ஊருக்குள் என் சொல்லுக்கு ஒரு மதிப்பு என்று எல்லாவற்றையும் இந்தக் கையால் சம்பாதித்தேன். அதில் கர்த்தருக்குப் பாதி, எனக்குப் பாதி என்பேன். "அளவுல ஏமாத்தாதீங்க" என்பாள் அவள்.

அவளை நான் கட்டிக்கொண்ட கதையை எழுதச் சொல்லி எங்கள் சபையார் கேட்டார்கள். கல்யாணம் என்றால் எல்லாம் தலையெழுத்து என்று நம்மவர்களே இன்னும் பேசுகிறார்கள். தலையில் எழுதியிருந்தால், மொட்டையடித்த அன்றைக்கே யாராவது படித்துச் சொல்லியிருக்க மாட்டார்களா? என் வாழ்க்கையில் எழுதினது யார் என்பது எனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம். எங்கள் பக்கத்து வாலிபர்களெல்லாம் அங்கே கூலிக்குப் போனார்கள். நானும் போனேன். மற்றவர்கள் கூலியோடு திரும்பினார்கள். நான் தொழிலோடு திரும்பினேன். எங்கள் மண் ஆள் உயரத்துக்குத்தான் மண். அதற்குக் கீழே எல்லாம் பாறை. பாறையில் உளியால் அடித்துத் துளை போடுவதைத் தமர் அடிப்பது என்போம். தமருக்குள் கருமருந்தை இறுகக் குத்திக் கிட்டித்துத் திரி வைத்து, ஆட்களையெல்லாம் மேலே ஏற்றிவிட்டு, ஒருவன் மட்டும் கீழே நின்று பற்ற வைக்க வேண்டும். பிறகு வடத்தைப் பிடித்து ஏறி, வரப்புக்குப் பின்னால் போய்ப் படுக்க வேண்டும். அந்த ஒருவன் எப்போதும் நான்தான். என் கிணற்றில் ஒரு ஆளுக்கும் ஒரு விரல்கூடப் போனதில்லை.

வெடித்த பிறகு வெள்ளைத் தூசி எழும்பி ஆகாயத்தில் அப்படியே நிற்கும். உச்சி வெயில் அதற்குள் நுழைந்து நிலா வெளிச்சமாய் மாறிவிடும். கிழக்கே கொல்லிமலை அடிவாரத்தை விட்டுக் கழன்று மிதப்பதுபோலத் தெரியும். காது அடைத்திருப்பதால் எந்தச் சத்தமும் இருக்காது. ஒரு மாடு வாயைத் திறக்கும், குரல் வராது. அந்தக் கொஞ்ச நேரத்துக்காகவே நான் இந்தத் தொழிலில் இருந்தேனோ என்று இப்போது தோன்றுகிறது.

கிணறு வெட்ட எங்கே கடப்பாரை போடுவது என்பதை எங்கள் சீமையில் பூதான் சொல்லும். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று. இரண்டையும் தனித்தனியாக இலையில் ஒரே மாதிரி பொட்டலம் மடித்துச் சாமி முன்னால் வைப்பார்கள். ஒன்றும் அறியாத ஒரு பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது. சிவப்பு வந்தால் இல்லை. பூ கேட்பது என்று இதற்குப் பேர். கிணற்றுக்கும் கேட்பார்கள், கல்யாணத்துக்கும் கேட்பார்கள், மாடு வாங்கவும் கேட்பார்கள்.

என் அப்பா காலத்தில் நாங்கள் வேதத்துக்கு வந்தோம். கோயிலை விட்டோம், பொட்டை விட்டோம், பூவை மட்டும் விடவில்லை. ஞானஸ்நானத் தண்ணீர் அதன்மேல் மட்டும் படாமல் போயிற்று என்று நினைக்கிறேன். எங்கள் ஜெபவீட்டு மேசையின்மேல், வேதபுத்தகத்துக்கு முன்னால், பொட்டலங்களை வைத்துக் கேட்டோம். ஜெபவீட்டை நடத்துகிற உபதேசியார் வெளியூர் போகிற நாளாகப் பார்த்து வைப்போம். எங்கள் அம்மா பிரசங்கத்தில் கவனித்துக் கேட்டது ஒரே ஒரு விஷயம்தான்: அந்தக் காலத்துச் சீடர்களே ஒரு தடவை சீட்டுப் போட்டு ஆள் பொறுக்கினார்கள் என்பது. அவர்கள் சீட்டு, நாங்கள் பூ, இதில் என்ன பேதம் என்பாள். என் அண்ணனுக்கு அப்படித்தான் வெள்ளை வந்து கல்யாணம் நடந்தது.

மிஷன் பெண்கள் விடுதிக்கு நான் கிணறு வெட்டியபோது அங்கே சமையல்காரியாக இருந்தவள்தான் என் மனைவி. கல்யாணமான முதல் வருஷமே காய்ச்சலில் புருஷன் போய்விட்டான். வயது ஒன்றும் ஆகவில்லை. விடுதியில் சோறாக்குவாள், சனிக்கிழமை ஜெபவீட்டைப் பெருக்குவாள். எங்களுக்கு மோர் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பாள். கீழேயிருந்து பார்த்தால் வட்ட ஆகாயத்தின் ஓரத்தில் ஒரு கறுப்புத் தலை முளைத்தது மாதிரி இருக்கும். முகம் தெரியாது. குரல் மட்டும் பாறையில் பட்டுப் பட்டு இறங்கி வரும்.

"ஏனுங்க, அங்கிருந்து பாத்தா வானம் எத்தாச்சோடு தெரியுதுங்க?"

ஒரு முறம் அகலம் தெரிகிறது என்றேன்.

"அது போதுமுங்களா?"

அந்தக் கேள்வியை அவள் விளையாட்டாகத்தான் கேட்டாள். நான் அன்று முழுவதும் உளியைக் கையில் வைத்துக்கொண்டு மேலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். விடுதிக் கிணற்றில் தண்ணீர் வந்தபோது, அது பாறையிலிருந்து வந்ததா, அவள் குரல் தேங்கித் தேங்கி நிறைந்ததா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அவளைக் கட்டிக்கொள்கிறேன் என்று வீட்டில் சொன்னேன். அம்மா, ஒருத்தனை முழுங்கினவளை எப்படி வீட்டுக்குள் விடுவது என்று கேட்டாள். வேதத்தில் விதவை கல்யாணத்துக்குத் தடை இல்லையே என்றேன். வேதத்தில் தடை இல்லாவிட்டால் என்ன, பூ கேட்டுவிடலாம் என்றாள். நானும் சரி என்றேன். பாறையை உடைக்கிற எனக்குப் பூவென்றால் பயம் கிடையாது. வெள்ளைதான் வரும் என்று இருந்தேன். என் விஷயத்தில் வேறு எப்படி வரும்?

சனிக்கிழமை உச்சிப்பொழுது. ஜெபவீட்டுக்குள் பாதி இருட்டு, பாதி வெயில். அம்மா தன் கையாலேயே பொட்டலம் மடித்துக் கொண்டுவந்திருந்தாள். ஒன்றில் நந்தியாவட்டை, ஒன்றில் செவ்வரளி என்றாள். என் அண்ணனுடைய, இன்னும் பேச்சு வராத மகளைத் தூக்கி மேசைமேல் உட்கார வைத்தோம். அது ஒரு பொட்டலத்தை எடுத்து முதலில் கடித்துப் பார்த்தது. அம்மா வாயிலிருந்து பிடுங்கிப் பிரித்தாள். சிவப்பு. "ஆச்சு, எந்திரிங்க" என்றான் அண்ணன். எல்லோரும் வெளியே போனார்கள். நான் போகவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. என் வீட்டார் பிள்ளையோடு வெளியே நிற்பதைப் பார்த்துவிட்டு, விளக்குமாற்றோடு அவள் உள்ளே வந்தாள். மேசையில் சிதறிக்கிடந்த செவ்வரளியையும் பிரிக்காத இன்னொரு பொட்டலத்தையும் பார்த்தாள். அவளுக்குப் புரிந்தது இவ்வளவுதான்: கிணற்றுக்காரன், பூ கேட்டிருக்கிறான்.

"எந்தக் காட்டுக் கெணத்துக்குங்க?" என்றாள்.

"கெணத்துக்கில்ல அம்மிணி. உனக்கு."

அவள் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தாள். பிறகு, கணக்கு ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி நிதானமாகச் சொன்னாள்:

"பூவக் கேட்டிருக்கறீங்க. உங்கம்மாளக் கேட்டிருக்கறீங்க. அண்ணனக் கேட்டிருக்கறீங்க. பேச்சு வராத புள்ளயக்கூடக் கேட்டிருக்கறீங்க. என்னையக் கேட்டீங்களா?"

இப்போது கேட்கிறேன் என்றேன்.

"இப்ப வேண்டாமுங்க. வெள்ளை வந்திருந்தா பூவுக்கோசரம் கட்டியிருப்பீங்க. செவப்பு வந்ததால வீம்புக்குக் கட்டறேங்கறீங்க. ரெண்டுலயும் நான் எங்கீங்க இருக்கறேன்? நாளைக்கு ஊட்டுல ஒரு கெட்டது நடந்தா அந்தப் பூவத்தான் சொல்லுவீங்க. மொதல்ல உங்களையே கேட்டுப்போட்டு வாங்க."

சிவப்பு இதழ்களைக் கூட்டி வெளியே தள்ளினாள். பிரிக்காத பொட்டலத்தை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

பிறகு கொஞ்ச நாள் நான் கொல்லிமலை அடிவாரத்தில் ஒரு கிணற்றில் இருந்தேன். பக்கத்து ஊர்ப் பெண்கள் என் அம்மாவிடம் வந்து, நல்லவேளை தப்பித்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். அம்மா இரண்டு பொட்டலத்திலும் செவ்வரளியைத்தான் மடித்தாள் என்று அவர்களிலேயே சிலர் தண்ணீர்த்துறையில் பேசினார்களாம். இரண்டும் என் காதுக்கு வந்தது. நான் இரண்டையும் நம்பவில்லை, தள்ளவும் இல்லை.

ஒருநாள் தமரெல்லாம் கிட்டித்து முடித்து, ஆட்கள் ஏறிவிட்டார்கள். கீழே நான் மட்டும். கையில் நெருப்பு. மேலே முறம் அகலத்துக்கு வானம். எத்தனையோ தடவை நின்ற இடம்தான். ஆனால் அன்றைக்குத்தான் எனக்கு அது உறைத்தது: இப்போது இந்தத் திரியைப் பற்றவை என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. பற்ற வைக்காமலும் ஏறிப் போகலாம். பற்ற வைத்தால் பாறை பிளக்கும். பிறகு அதை ஒட்டவைக்க என்னால் ஆகாது. பாறையைப் பிளக்கிறாற்போலப் படைத்தது கர்த்தர். மருந்து வெடிக்கிறாற்போல வைத்ததும் அவர்தான். நெருப்பை மட்டும் என் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கிறார். முதல் தோட்டத்தில் மரத்தைக் காட்டி, இதைத் தொடாதே என்று சொன்னவர், அந்த முதல் ஆண் பெண் கையைக் கட்டிப் போடவில்லை. கட்டிப் போட்டிருந்தால் அது தோட்டமில்லை, மாட்டுப்பட்டி. அப்பேர்ப்பட்டவர் எனக்கு ஒரு பெண்ணைக் கட்டுவதா வேண்டாமா என்று அரளிப் பூவுக்குள் ஒளிந்துகொண்டா சொல்வார்?

சரி, செவ்வரளி சொன்னது நிஜமென்றே வைத்துக்கொள். இவளால் உனக்குக் கஷ்டம் வரும் என்றே வைத்துக்கொள். வேண்டுமா? என்னை நானே கேட்டேன். வேண்டும் என்று கிணறு முழுவதும் கேட்டது. நான் வாயைத் திறந்து சொன்னேனா, அது பாறையின் எதிரொலியா, தெரியாது.

பற்ற வைத்தேன். ஏறினேன். வரப்புக்குப் பின்னால் நெஞ்சை மண்ணில் பதித்துப் படுத்திருந்தபோது வெடி என் உடம்புக்குள்தான் வெடித்தது. தூசி எழும்பியது. அந்த வெள்ளைக்குள்ளேயே எழுந்து, மேலெல்லாம் மாவு பூசினாற்போல, விடுதியைப் பார்த்து நடந்தேன். ஆட்கள் பின்னால் கூப்பிட்டிருப்பார்கள். காது அடைத்திருந்தது. வழியில் சோளக்காடு முழுவதும் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தது.

சமையல் கொட்டகையில் அவள் பெரிய பானைக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், ஏனுங்க, வெடிக்குள்ளாற போய்ப் படுத்துக்கிட்டீங்களா என்று கேட்டாள். அதுவும் எனக்கு உதட்டசைவில்தான் தெரிந்தது.

"கேட்டுப்போட்டு வந்துட்டேன்" என்றேன். காது அடைத்தவன் பேச்சு, கத்தினேன் போலிருக்கிறது, விடுதிப் பிள்ளைகளெல்லாம் கொட்டகை வாசலுக்கு வந்துவிட்டார்கள். "நாளைக்கு நல்லது வந்தாலும் கெட்டது வந்தாலும் கேட்டது நான். பூ இல்ல. உனக்கு இஷ்டமா?"

அவள் அடுப்புப் பக்கத்து மாடத்துக்குள் கையை விட்டு அந்தப் பொட்டலத்தை எடுத்தாள். இலை காய்ந்து சுருங்கியிருந்தது. பிரிக்கவில்லை. பானைக்கு அடியில் நெருப்புக்குள் அதைத் தள்ளிவிட்டு, கரண்டியால் சோற்றை ஒரு பதம் பார்த்தாள்.

"சரிங்க" என்றாள். சோறு வெந்துவிட்டதா என்று கேட்டதற்குச் சொன்ன மாதிரி. எனக்குக் காது திறந்தது அந்த வார்த்தைக்குத்தான்.

ஜெபவீட்டில் மூன்று ஞாயிறு எங்கள் கல்யாண ஓலையை, சபைக்கு அறிவிப்பாக, வாசித்தார்கள். கடைசி வாசிப்பன்று, இந்தக் கல்யாணத்துக்கு யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று வழக்கம்போல உபதேசியார் கேட்டார். வழக்கமாக யாரும் இருமக்கூட மாட்டார்கள். அன்றைக்கு என் அண்ணன் எழுந்து நின்றான்.

"பூ செவப்பு வந்துச்சுங்க" என்றான்.

பூ கேட்கிற விஷயமே உபதேசியாருக்குத் தெரியாது என்று நாங்கள் அத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்தப் பூவு நம்ம சபையில ஞானஸ்நானம் வாங்கியிருக்குதுங்களா?" என்றார். "வாங்கியிருந்தா வரச் சொல்லுங்க, வந்து சொல்லட்டும்."

பெண்கள் பக்கத்தில் ஒரு சிரிப்பு பீறிட்டது. அண்ணன் உட்கார்ந்தான். அம்மா முக்காட்டை இழுத்துக்கொண்டு, இது இவன் தேடிக்கொண்டது என்று மட்டும் சொன்னாள். அவள் கோபத்தில் சொன்னாள். எனக்கு அது ஆசீர்வாதமாக இருந்தது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன்.

எங்களுக்கு ஒரு பெண் பிறந்தது. தவழ்ந்து, நடந்து, நான் வந்தால் என் தலைமுடியிலிருக்கிற பாறைத்தூசியை ஊதிவிட்டுச் சிரிக்கும். ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து பிள்ளை போய்விட்டது. அடக்கம் பண்ணிவிட்டுத் திரும்பும்போது எனக்குப் பின்னால் அம்மா யாரிடமோ முணுமுணுத்தாள். "அன்னைக்கே செவப்பு வந்துச்சே" என்று அந்த ஒரு வரிதான் என் காதில் விழுந்தது.

வீட்டுக்கு வந்தேன். மழை விட்டு இளவெயில் அடித்தது. எங்கள் தோட்டத்துக் கிணற்று மேட்டில் அவள் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை போனதிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. தண்ணீர் மேடேறி நின்றது. அதில் மேகம் போய்க்கொண்டிருந்தது. அவள் நிழலும் அதில் இருந்தது. அவள் தண்ணீருக்குள் இருந்துகொண்டு ஆகாயத்தைப் பார்ப்பது போல எனக்குத் தெரிந்தது. நான் பக்கத்தில் போய் நின்றேன். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. எதற்குக் காத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அந்தச் சொல்லுக்கு. அது என் வாயில் இருந்தது. செவப்பு. அதைச் சொல்லியிருந்தால் என் பாரம் அந்த நிமிஷமே இறங்கியிருக்கும். அவள் தலைமேல் போய் இறங்கியிருக்கும். அப்புறம் அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் இருந்திருப்போம், ஆனால் சேர்ந்து இருந்திருக்க மாட்டோம்.

ஒருவரும் என் கையைப் பிடிக்கவில்லை, வாயைப் பொத்தவும் இல்லை. கிணற்றுக்குள் நெருப்போடு நின்றது போலவே நின்றேன்.

"கேட்டது நான்தான் அம்மிணி" என்றேன். "இன்னைக்குன்னாலும் கேப்பேன்."

அப்போதுதான் அவள் அழுதாள். கிணறு அதை வாங்கித் திருப்பிக் கொடுத்தது. நான் வெட்டிய கிணறுகளிலேயே அப்படி ஒரு சத்தம் வேறெதிலும் கேட்டதில்லை. அன்று சாயங்காலம் வரைக்கும் அவள் தலை என் தோளில் இருந்தது. மழைத்தண்ணீர் கல்லிடுக்கில் இறங்குகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

நான் தேர்ந்தெடுத்ததால் காய்ச்சல் வந்தது என்று நான் நம்பவில்லை. காய்ச்சல் வெள்ளைப் பூ வந்த வீட்டுக்கும் போயிற்று. என் அண்ணன் வீட்டில் விளைச்சல் பொய்த்து, மாடுகள் செத்து, வீட்டுக்காரிக்கும் அவனுக்கும் பேச்சு நின்றபோது, வெள்ளையைக் காட்டிக் கர்த்தர் ஏமாற்றிவிட்டார் என்று சொல்லி அவன் ஜெபவீட்டுப் பக்கமே வராமல் இருந்தான். பாவம், அவன் ஒருநாளும் தன் கல்யாணத்துக்குள் நுழையவே இல்லை, பூதான் நுழைந்தது. எனக்குத் திட்டுவதற்குப் பூ இல்லை, பழிபோட ஆள் இல்லை. நல்லது கெட்டது எல்லாவற்றையும் என் பேரிலேயே எழுதிக்கொண்டு கர்த்தர் முன்னால் போய் நிற்க வேண்டியதாயிற்று. அப்படி நின்று நின்றுதான் ஆளானேன். கிணற்றில் தண்ணீர் வராத நாளில் நிலக்காரரிடம் போய், நான் சொன்ன இடம், நான்தான் தப்பு என்று நேரே சொல்லப் பழகினேன். அதனாலேயே என்னைத் தேடி ஆள் வந்தார்கள். யுத்த காலத்தில் வெடிமருந்து கிடைக்காமல் எத்தனையோ பேர் தொழிலை விட்டபோதும், வெறும் உளியாலாவது வெட்டிக் கொடு என்று என்னிடம் வந்தார்கள். நான் தோட்டம் வாங்கியது என் புத்தியால் என்று ஊர் நினைக்கிறது, அதுவும் நிஜம்தான். அந்தப் புத்தியின் ஊற்று எங்கே என்று கேட்டால், விடுதி அடுப்படியைக் கைகாட்டுவேன்.

பிறகு எங்களுக்குப் பிள்ளைகள் பிறந்தார்கள். அம்மாவும் கடைசிக் காலத்தில் எங்களோடுதான் இருந்தாள். அவளுக்குச் சோறு ஊட்டியவள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. பொட்டலத்தைப் பற்றி நான் அம்மாவிடம் கேட்கவில்லை. அவளாகவும் சொல்லவில்லை.

இதை எழுத உட்கார்ந்தபோதுதான் முதல் தடவையாக என் மனைவியிடம் கேட்டேன். அந்த இன்னொரு பொட்டலத்தை அத்தனை நாள் மாடத்தில் வைத்திருந்தாயே, பிரித்துப் பார்த்தாயா என்று. அவள் முறத்தில் பருப்பைக் கொழித்துக்கொண்டிருந்தாள். முறத்தில் வெயில் கொஞ்சம் உட்கார்ந்திருந்தது.

"உங்களுக்குத் தெரியோணுமுங்களா?" என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். வேண்டாம் என்றேன்.

"பின்ன எழுதுங்க, போங்க" என்றாள்.